கரையில் படகு இன்ஜினை ஓட்டுவதும் நல்ல தண்ணீரில் கழுவுவதும்

படகின் பின்பலகையில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. மிகச் சிறிய சில மாடல்களைத் தவிர மற்றவை எல்லாம், தாம் இறங்கி நிற்கும் கடலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ தண்ணீரை இழுத்து, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்ட அந்தத் தண்ணீரைப் புகையோடு சேர்த்து வெளியே விட்டுவிடுகின்றன. கடலில் இருக்கும் வரை இந்த ஏற்பாட்டில் குறை ஒன்றுமில்லை. இன்ஜினைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு வேலைகள் எழுகின்றன. ஒன்று, கடலில் உள்ளே போன உப்புநீரை நல்ல தண்ணீரால் வெளியேற்றுவது. மற்றொன்று, அதற்காகவோ பழுது பார்ப்பதற்காகவோ இன்ஜினைத் தரையில் ஓட்டும்போது, கடல் கொடுத்துக்கொண்டிருந்த தண்ணீரை நாமே கொடுப்பது. முதல் வேலையைப் பலரும் அறிவார்கள். இரண்டாவதில் தவறினால் முதல் வேலையைச் செய்யப்போய் இன்ஜினையே கெடுத்துவிட நேரும் என்பதால், இக்கட்டுரை அதிலிருந்தே தொடங்குகிறது.

திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரை நீளமானதன்று. கூடுதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் பைபர் வள்ளங்களே தொழிலுக்குப் பெரும்பாலும் போகின்றன. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவு கட்டப்பட்ட இடங்களிலும்கூட வள்ளத்தை மணலில் ஏற்றி வைப்பதே வழக்கம். இன்ஜினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்கோ கொட்டகைக்கோ கொண்டுபோவதும் உண்டு. ஆகவே இங்கே இன்ஜின் தன் நாளில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியேதான் கழிக்கிறது. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுக்கு இல்லாத சில தொல்லைகளும், அதற்குக் கிடைக்காத ஒரு வசதியும் இதனால் வருகின்றன. வசதி என்பது, நாள்தோறும் இன்ஜினைக் கழுவ முடியும் என்பதே.

தண்ணீர் எவ்வழியாக உள்ளே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். இன்ஜினின் கீழ்க்காலில், புரொப்பல்லருக்குச் சற்று மேலே, இரு பக்கமும் சல்லடை போன்ற சிறு வாய்கள் இருக்கும். தண்ணீர் நுழையும் இடம் அதுதான். அதற்கு மேலே, இன்ஜினிலிருந்து இறங்கும் செங்குத்துத் தண்டில் இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம் கோக்கப்பட்டிருக்கும். இந்தச் சக்கரம் அமர்ந்திருக்கும் கூடு தண்டுக்கு நேர் நடுவில் அமையாமல் ஒரு பக்கம் ஒதுங்கி அமைந்திருப்பதால், ரப்பர் இதழ்கள் ஒரு பக்கத்தில் மடங்கியும் மறுபக்கத்தில் விரிந்தும் சுழல்கின்றன. விரியும் பக்கத்தில் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது; மடங்கும் பக்கத்தில் அது மேலே தள்ளப்படுகிறது. தள்ளப்பட்ட தண்ணீர் ஒரு குழாய் வழியாக ஏறி, சிலிண்டரைச் சுற்றியுள்ள குறுகிய வழிகளில் ஓடி, புகைக்குழாயில் இறங்கி வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு கிளை மட்டும் இன்ஜினின் பின்புறத்துச் சிறு துளை வழியாக நூல் போல வெளியே பீய்ச்சும். உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம் அது என்பதால், அதை அடையாள நீர் என்றே இங்கு குறிப்பிடுவேன்.

இம்பெல்லரைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அதன் இதழ்கள் கூட்டின் உட்சுவரை எப்போதும் அழுத்திக்கொண்டே சுழல்கின்றன. அந்த உரசலுக்கு எண்ணெயோ கிரீசோ இடப்படுவதில்லை. ஓடும் தண்ணீரே அங்கு வழுக்கலைத் தருகிறது. தண்ணீர் இல்லாமல் இன்ஜினை ஓட்டினால் ரப்பரும் உலோகமும் நேரடியாக உரசிச் சூடேறி, மிகக் குறைந்த நேரத்திலேயே இதழ்களின் நுனி கருகத் தொடங்கும். ‘ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்’ என்று தரையில் கயிற்றை இழுப்பவர்கள் உண்டு. இன்ஜின் சூடேற நேரமாகும் என்பது உண்மைதான். ஆனால் இம்பெல்லர் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. அன்று ஒன்றும் தெரியாது. நுனி தேய்ந்த இம்பெல்லர் தண்ணீரைச் சற்றுக் குறைவாகத் தள்ளத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். கரையிலிருந்து வெகுதூரம் போய், பாரத்தோடு இன்ஜினை முறுக்கி ஓட்டும் நாளில் அக்குறை வெளிப்படும். ஆகவே இன்ஜினுக்குள் தண்ணீர் நுழைய வழி செய்யாமல் கயிற்றைத் தொடுவதில்லை என்பதைத் தரையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

இனி உப்பின் கதை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் உள்ளிருக்கும் நீரின் பெரும்பகுதி வடிந்துவிடும். வளைவுகளிலும் மூலைகளிலும் தங்குவது மட்டும் வடியாது. சற்றுமுன் வரை ஓடிய இன்ஜினின் சூட்டில் அந்த மிச்சம் வற்றும்போது, உப்பளப் பாத்தியில் வெயில் செய்கிற அதே வேலை இன்ஜினுக்குள்ளும் நடக்கிறது. இன்று படிந்த உப்பின் மேல் நாளையது படிகிறது. ஏற்கெனவே விரற்கடை அகலமும் இல்லாத வழிகள் மேலும் குறுகுகின்றன. சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு உப்பேறி இறுகிவிடுகிறது. மூடிய நிலையில் இறுகினால் இன்ஜின் கொதிக்கும், திறந்த நிலையில் இறுகினால் அது உரிய சூட்டை எட்டாமலே ஓடும். ஈரமான உப்பு அலுமினிய உடலையும் அரிக்கும். இந்த அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்வதற்காகவே கீழ்க்காலில் துத்தநாகம் போன்ற உலோகத்தாலான ஒரு துண்டு பொருத்தப்பட்டிருக்கிறது. அது பாதிக்கு மேல் கரைந்ததும் மாற்ற வேண்டியது. அதன் மேல் பெயிண்ட் அடித்து அழகுபடுத்துவது அதன் வேலையைத் தடுப்பதாகும்.

தரையில் தண்ணீர் கொடுக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ரப்பர்க் கவ்வி. வளைந்த கம்பியின் இரு முனைகளிலும் இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றிலோ இரண்டிலுமோ ஓஸ் குழாய் மாட்ட இடம் இருக்கும். கிண்ணங்கள் கீழ்க்காலின் இருபுறத்து நீர்வாய்களையும் முழுதாக மூடும்படி கவ்வியை முன்பக்கமிருந்து செருகிவிட்டு, முதலில் குழாயைத் திறக்க வேண்டும். கிண்ண ஓரங்களில் தண்ணீர் வழியத் தொடங்கிய பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதும் ஓரங்களில் சிறிது தண்ணீர் வழிந்துகொண்டிருப்பது நல்ல அறிகுறி, ஏனென்றால் இன்ஜின் கேட்பதைவிடக் குழாய் அதிகம் கொடுக்கிறது என்று அதற்குப் பொருள். வழிவது நின்று, கிண்ணம் உள்ளே இழுபட்டு, ஓஸ் சப்பையானால் தண்ணீர் போதவில்லை. உடனே நிறுத்திவிட வேண்டும். முடிக்கும்போது வரிசை தலைகீழாகிறது: இன்ஜினை நிறுத்திய பிறகுதான் குழாயை மூடலாம்.

இந்த முறைக்குச் சீரான வேகத்தில் வரும் குழாய்த் தண்ணீர் தேவை. வீட்டு மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது கைகூடலாம். கூட்டுக் குடிநீர் முறை வைத்து வரும் தெருக் குழாயை நம்பி இன்ஜினை ஓட்டக் கூடாது. நடுவில் தண்ணீர் நின்றுவிட்டால், அதைக் கவனித்துக் கையை நீட்டுவதற்குள் இம்பெல்லர் காய்ந்துவிடும். நீர்வாய்கள் பக்கவாட்டில் இல்லாத மாடல்களுக்கும் இந்தக் கவ்வி பொருந்தாது.

இரண்டாவது வழியே நம் கரைக்கு ஏற்றதென்று கருதுகிறேன். அது டிரம். உறுதியான மரச் சட்டத்தில் இன்ஜினைப் படகில் இறுக்குவது போலவே இறுக்கி, கீழ்க்கால் டிரம்முக்குள் இறங்கும்படி வைத்து, நீர்வாய்களுக்கு மேலே மட்டுமல்லாமல், புரொப்பல்லருக்கு மேலிருக்கும் கிடைத் தகடும் நன்கு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓடத் தொடங்கியதும் புகை புரொப்பல்லரின் நடுவழியாகத் தண்ணீருக்குள் குமிழியிட்டு வெளியேறுவதால் டிரம் கொந்தளித்துத் தண்ணீர் சிந்தும். பக்கத்தில் ஒரு குடம் நிரப்பி வைத்திருந்தால் அவ்வப்போது ஊற்றிக்கொள்ளலாம். குமிழிகள் மிகுந்து அடையாள நீர் விட்டு விட்டு வந்தால் இம்பெல்லர் தண்ணீரோடு காற்றையும் இழுக்கிறது என்று அறிந்து, நிறுத்தி, மட்டத்தை உயர்த்த வேண்டும். டிரம்முக்குள் ஒருபோதும் கியர் போடக் கூடாது. நியூட்ரலிலேயே இருக்க வேண்டும். கியர் விழுந்தால் புரொப்பல்லர் தண்ணீரை வாரி வெளியே எறிந்துவிடும். டிரம்மே புரளவும் கூடும்.

மூன்றாவது வழி, புதிய மாடல்களில் உடலிலேயே அமைந்திருக்கும் கழுவு வாய். அங்கே ஓஸைத் திருகித் தண்ணீர் விடலாம். அது இம்பெல்லருக்கு மேலே திறப்பதால், பெரும்பாலான தயாரிப்புகளில் அவ்வழியாகக் கழுவும்போது இன்ஜினை ஓட்டக் கூடாது என்றே கையேடு சொல்லும்.

எந்த வழியானாலும் தரையில் இன்ஜினை முறுக்கக் கூடாது. கடலில் புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளுவதே இன்ஜினுக்குப் பாரம். அந்தப் பாரம் இல்லாமல் ஆக்சிலரேட்டரைத் திருகினால் சுழற்சி கட்டுக்கடங்காமல் ஏறும், ஓஸ் தரும் தண்ணீரும் அந்த வேகத்துக்குப் போதாது. மெதுவான ஓட்டத்திலேயே பத்து நிமிடம் விட்டால் போதுமானது. பத்து நிமிடம் எதற்கு என்று கேட்கலாம். குளிர்ந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். மாடலுக்கு மாடல் மாறினாலும், 50 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டிலோ அதற்குச் சற்று மேலோதான் அது திறக்கத் தொடங்கும். அது திறந்த பிறகே நல்ல தண்ணீர் எல்லா வழிகளிலும் தாராளமாக ஓடும். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டு ‘கழுவியாயிற்று’ என்பவர் பாதி வழிகளையே கழுவியிருக்கிறார். அடையாள நீர் வருகிறதே என்று அவர் வாதிடலாம். பம்பு வேலை செய்கிறது என்பதற்குத்தான் அது சான்று, தெர்மோஸ்டாட் திறந்தது என்பதற்கன்று.

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது இன்னும் பாதுகாப்பானது. கழற்றாவிட்டால், குழந்தைகளும் ஆடு கோழிகளும் நெருங்காத இடத்தில் செய்ய வேண்டும். புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. மழைக்கு ஒதுங்கிக் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜின் ஓட்டுவது உயிருக்கே ஆபத்தானது. வெட்டவெளியே இதற்கு இடம்.

இவையெல்லாம் எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும். நம் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு கேள்வி உண்டு: கழுவ நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தரும் ஓஸில் பத்து நிமிடம் ஓட்டினால் நூறு லிட்டர் செலவாகிறது. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் அது ஏறத்தாழ ஏழு குடம். இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துக் கடலோர வீட்டில் ஏழு குடம் நல்ல தண்ணீரை இன்ஜினுக்கு ஊற்றுகிறேன் என்றால் வீட்டுப் பெண்கள் என்ன சொல்வார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. அவர்கள் சொல்வது நியாயமும்கூட.

டிரம் முறையைப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதற்காரணம். இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைச் சரிபாதி உயரத்தில் அறுத்துக்கொண்டால், சிறிய இன்ஜினின் கீழ்க்காலை மூழ்கடிக்க ஏறத்தாழ நூறு லிட்டர் போதும். அந்தத் தண்ணீரை மறுநாளும் பயன்படுத்தலாம். உப்பு சேர்ந்துவிடாதா என்றால், கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்ஜினுக்குள் ஒரு லிட்டர் கடல்நீர் முழுதாகத் தங்கியிருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு முறை கழுவும்போது டிரம்மில் சேர்வது 35 கிராம் உப்பு, அதாவது லிட்டருக்கு 0.35 கிராம். பத்து நாள் கழுவிய பிறகும் அது லிட்டருக்கு 3.5 கிராம்தான்; கடல்நீரின் உப்பில் பத்தில் ஒரு பங்கு. கீழ்க்காலின் வெளிப்புறத்தை முதலில் ஒரு செம்புத் தண்ணீரில் அலசி, மணலையும் ஒட்டியிருக்கும் உப்பையும் நீக்கிவிட்டு இறக்கினால் இன்னும் குறையும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதுமென்பது என் மதிப்பீடு. அந்தக் கழிவுநீரில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் படலமாக மிதக்கும். அதைத் தென்னை மூட்டிலோ கிணற்றுப் பக்கத்திலோ ஊற்றக் கூடாது. ஆடு மாடு வாய் வைக்கும்படி திறந்தும் வைக்கக் கூடாது.

கிணற்று நீர் சவராக இருந்தால் என்ன செய்வது? இந்தியத் தர நிர்ணயத்தின்படி, வேறு நல்ல ஊற்று இல்லாத இடங்களில் குடிநீரில் கரைந்திருக்கலாகும் உப்புகளின் மேல்வரம்பு லிட்டருக்கு 2 கிராம். அந்த வரம்பைத் தொடும் தண்ணீர் நாக்குக்குச் சவர்தான். கடல்நீரோடு ஒப்பிட்டால் அதில் இருப்பது பதினேழில் ஒரு பங்கு உப்பு. எனவே குடிக்க ஆகாத கிணற்று நீரும் இன்ஜினைக் கழுவ ஆகும். கழுவாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். சவர் நீரில் பெரும்பாலும் சுண்ணாம்புக் கூறும் இருக்கும். சூடான சுவரில் அது வெள்ளைப் பொருக்காகப் படியும். ஆகவே கழுவி முடித்ததும் தண்ணீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிட வேண்டும். அதற்கு இன்ஜினை நிமிர்ந்த நிலையிலேயே சிறிது நேரம் நிறுத்தி வைப்பது அவசியம். பிறகு சுமந்து செல்லும்போதும் படுக்க வைக்கும்போதும் மேல்பகுதி கீழ்க்காலைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது. தாழ்ந்தால் மிச்சத் தண்ணீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. இவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. தரையில் கழுவும் நேரம் முழுவதும் பெட்ரோலிலேயே ஓட்டுவது நல்லது. மெதுவான ஓட்டத்தில் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக்கில் கரி பிடிக்கச் செய்யும். கார்புரேட்டரில் அது தங்கிவிட்டால் மறுநாள் விடியற்காலையில் குளிர்ந்த இன்ஜின் எளிதில் பிடிக்காது. பத்து நிமிடப் பெட்ரோல் செலவு என்று முகம் சுளிப்பவர்கள், அலையில் வள்ளத்தை வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துக் கை ஓயும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடல்நீரில் போன இன்ஜினுக்கு மட்டுமே இதெல்லாம் என்று எண்ணிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானபோது, தாமிரபரணிக் கரையோரத் தெருக்களில் படகுகள் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் நல்ல தண்ணீர்தான். ஆனால் அது வண்டலையும் சருகையும் பாலித்தீன் பையையும் சேர்த்துக் கொண்டுவருவது. நீர்வாய்ச் சல்லடை அடைபடும். மணல் துகள் இம்பெல்லர் இதழையும் கூட்டையும் தேய்க்கும். வண்டல் உள்ளே படிந்து காய்ந்தால் களிமண்ணாக இறுகும். மணலில் தட்டிக் கரையேறும் நம் வள்ளங்களின் இன்ஜினுக்கும் இதே நிலைதான். அடையாள நீர் திடீரென மெலிந்தால், இன்ஜினை நிறுத்திவிட்டு அத்துளையில் நைலான் நரம்பை மெல்லச் செலுத்திப் பார்க்க வேண்டும்; பல வேளை ஒரு மணற்பருக்கைதான் அங்கே சிக்கியிருக்கும். அதைக் கண்டு இம்பெல்லர் போய்விட்டதென்று கவலைப்பட வேண்டியதில்லை.

வெளிப்புறம் கழுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல்மூடியைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓஸால் பீய்ச்சுவது மட்டும் கூடாது. கார்புரேட்டரும் மின்கம்பிகளும் அங்கே இருக்கின்றன. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகலாம். நம் கரையில் இன்ஜினுக்கு நீண்ட ஓய்வு தருவது பெரும்பாலும் ஆனி, ஆடிக் காற்றுதான். வாரக்கணக்கில் கிடக்கப்போகும் இன்ஜினைக் கடைசியாகக் கழுவும்போது, முடிவில் எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, டிரம்மில் இருந்தபடியே கார்புரேட்டரில் உள்ளது தீரும் வரை ஓடவிட வேண்டும். பின்பு பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு இன்ஜின் எண்ணெய் விட்டு, நிறுத்து சாவியை உருவிய நிலையில் கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்தால் எண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் பரவும். பிளைவீலைக் கையால் பின்னோக்கிச் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரு திசையில் மடங்கிப் பழகிய இம்பெல்லர் இதழ்கள் அதனால் எதிர்ப்பக்கம் மடியலாம். அப்படியே கீழ்க்காலின் கியர் எண்ணெய்த் திருகையும் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது நல்லது. வரும் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றாமல் அந்த இன்ஜினைக் கிடக்க வைத்தால் உள்ளே பல்சக்கரங்கள் துருப்பிடிக்கும்.

காற்று அடங்கிய பின் முதல் ஓட்டத்தைக் கடலில் வைத்துக்கொள்ளாமல் டிரம்மில் வைத்துக்கொள்வது நல்லது. பல நாள் ஒரே மடிப்பில் கிடந்த ரப்பர் விறைத்திருக்கும். ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அடையாள நீர் தெரிய வேண்டும். அரை நிமிடத்துக்குள் வராவிட்டால் இன்ஜினை நிறுத்தி, துளையைக் குத்திப் பார்த்து, தண்ணீர் மட்டத்தைச் சரிபார்த்து, இன்னும் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் வராவிட்டால் கீழ்க்காலைக் கழற்றி இம்பெல்லரை மாற்றியாக வேண்டும். பழைய இம்பெல்லரில் ஏதாவது இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால், புதியதை மாட்டுவதற்கு முன் அந்தத் துண்டு மேலேறும் குழாயில் எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடி எடுத்துவிட வேண்டும்.